செம்மரமும் வேங்கையும் ஒரே குடும்பம்... ஜவ்வாதுமலையில் தொடங்கி ஆப்பிரிக்கா வரை விரட்டப்படும் மரங்களின் கதை!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். திங்கட்கிழமை என்றால் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் போளூர் வழியாக இரண்டு பஸ் மாறி வந்த ஜவ்வாதுமலைக்காரர்களும் இருப்பார்கள். கையில் மஞ்சள் பை, பைக்குள் மனு. சாதிச் சான்றிதழ், வன உரிமைப் பட்டா, ரோடு... கேட்கிற விஷயங்கள் பெரும்பாலும் இவைதான்.

இந்த மனுக்களுக்கும் ஒரு மரத்துக்கும் நெருக்கமான தொடர்பு இருக்கிறது. அந்த மரம் ஜவ்வாதுமலையின் மரம்கூட இல்லை. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் நிற்கிற செம்மரம்.

செம்மரம் என்றதும் இப்போது எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 'புஷ்பா' படம்தான். தோளைச் சாய்த்து, தாடையைத் தடவி அல்லு அர்ஜுன் சொன்ன வசனத்தைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக் காட்டுகிறார்கள். படத்தில் கடத்துகிறவன் ஹீரோ. நிஜத்தில் மரத்தடியில் கோடாரியோடு நின்ற கூலியாட்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்ட மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், இந்த மரத்தின் குடும்பத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். அது ரொம்பப் பெரிய குடும்பம்!

இறக்கை வைத்த காய்

செம்மரத்தின் தாவரவியல் பெயர் 'டெரோகார்பஸ் சாண்டலினஸ்'. நம் வேங்கை மரத்தின் பெயர் 'டெரோகார்பஸ் மார்சூபியம்'. முதல் பெயர் இரண்டுக்கும் ஒன்று. அதாவது இரண்டும் ஒரே பேரினம், உடன்பிறந்தவை மாதிரி. கிரேக்கத்தில் 'டெரோன்' என்றால் இறக்கை, 'கார்போஸ்' என்றால் பழம். காயைப் பார்த்தால் ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று புரிந்துவிடும். நடுவில் விதை, அதைச் சுற்றி வட்டமாக மெல்லிய தகடு. சின்ன சைஸ் அப்பளம் போல இருக்கும். காற்றடித்தால் சுழன்றுகொண்டே போய் எங்கேயாவது விழும்.

உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் சுமார் 35 முதல் 40 இனங்கள் இருக்கின்றன. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என மூன்று பக்கமும் வெப்பமண்டலத்தில் பரவியிருக்கின்றன. பர்மாவில் இதன் உறவுக்காரருக்குப் 'படாவுக்' என்று பெயர். ஏப்ரலில் தண்ணீர் ஊற்றி விளையாடும் திஞ்ஜான் புத்தாண்டுச் சமயத்தில் அது மஞ்சளாகப் பூக்கும். பெண்கள் தலையில் சூடிக்கொள்வார்கள். அந்தமானுக்குத் தனியாக ஓர் 'அந்தமான் படாவுக்' உண்டு. பிலிப்பைன்ஸில் இதே குடும்பத்து 'நாரா' 1934 முதல் தேசிய மரம். அதே நாரா சிங்கப்பூருக்குப் போனதும் 'அங்சானா' ஆகிவிட்டது. 1960-களின் கடைசியில் சிங்கப்பூரைப் பசுமையாக்கத் திட்டமிட்டபோது, பெரிய கிளைகளையே வெட்டி நட்டுச் சீக்கிரம் நிழல் கொண்டுவர உதவியது இந்த மரம்தான். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் பலர் தினமும் இதன் கீழேதான் நடந்துபோகிறார்கள், வேங்கைக்கு உறவு என்று தெரியாமலே!

புலி... புலி!

நம் ஊர் வேங்கைக்கு வருவோம். ஜவ்வாதுமலை, கொல்லிமலை, கல்வராயன்மலை போன்ற இடங்களின் இலையுதிர் காடுகளில் இயல்பாக வளரும் மரம் இது. இலங்கையிலும் உண்டு, சிங்களத்தில் 'கம்மாலு'. சங்க இலக்கியத்தில் குறிஞ்சித் திணை என்றால் வேங்கை வராமல் இருக்காது. கரும்பாறை மேல் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடப்பது புலி படுத்திருப்பது போலத் தெரியும் என்று புலவர்கள் பாடினார்கள். வேங்கை என்ற சொல்லுக்கே மரம், புலி என்று இரண்டு பொருள். பூப்பறிக்கப் போகும் பெண்கள் 'புலி, புலி' என்று கூச்சல் போடுவார்களாம். ஊர்க்காரர்கள் நிஜப் புலி என்று நினைத்து ஓடிவந்த கதையும் அந்தப் பாட்டுகளிலேயே இருக்கிறது. வேங்கை பூத்தால் தினை அறுவடை, அதையடுத்துக் கல்யாணம். மலையில் அதுதான் காலண்டர்.

மரப்பட்டையைக் கீறினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும். அது காய்ந்தால் கறுத்துவிடும். மலைக் கிராமங்களில் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது இந்த வேங்கைப் பாலில்தான். சந்தைகளில் கொட்டாங்குச்சியில் உறைய வைத்து விற்பார்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் மை தயார். பாட்டிகள் பலருக்கு இந்த வாசனை இன்னும் நினைவிருக்கும்.

இன்னொரு சமாசாரம், வேங்கை மர டம்ளர். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் குடித்தால் சர்க்கரை குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. புதிதாகச் சர்க்கரைநோய் கண்டறியப்பட்டவர்களிடம் வேங்கை மருந்தைச் சோதித்து, சாதகமான முடிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுக் குழு 1998-ல் வெளியிட்டது. ஆனால், அது மருத்துவர்கள் அளவு பார்த்துக் கொடுத்த மருந்து. ஆன்லைனில் வாங்கிய டம்ளரை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. அந்த டம்ளர் வேங்கை மரத்தில்தான் செய்ததா என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

டம்ளரில் ஊறிய தண்ணீர் வெயிலில் நீலமாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மாயத்தை ஐரோப்பியர்கள் 16-ம் நூற்றாண்டிலேயே பார்த்து வியந்தார்கள். மெக்ஸிகோவிலிருந்து போன ஒரு மரமும், பிலிப்பைன்ஸ் நாராவில் கடைந்த கோப்பைகளும் அங்கே ராஜ வீட்டுப் பொக்கிஷமாக இருந்தன. விஞ்ஞானி ராபர்ட் பாயில் இந்தத் தண்ணீரை வைத்துப் பரிசோதனைகள் செய்து 1664-ல் எழுதியிருக்கிறார். ஒளிர்தல் என்ற அறிவியல் விஷயத்தின் தொடக்கக் குறிப்புகளில் அதுவும் ஒன்று.

இவ்வளவு புகழ் இருந்தும் வேங்கையின் நிலைமை சுகமில்லை. கதவு நிலை, வண்டி, மேஜை நாற்காலி எனக் கட்டைக்காக வெட்டினார்கள். மருந்துக்குப் பட்டையை உரித்தார்கள். விதை முளைப்பதும் குறைவு, முளைத்த கன்று காட்டுத்தீயிலும் ஆடுமாடு மேய்ச்சலிலும் தப்புவது அதைவிடக் குறைவு. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஐ.யூ.சி.என். இதை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

வாசனை இல்லாத சந்தனம்

இப்போது செம்மரம். செஞ்சந்தனம், ரக்த சந்தனம் என்றெல்லாம் சொல்கிறோம். நாட்டு மருந்துக்கடையில் முகப்பூச்சுக்கு வாங்கும் சிவப்புப் பொடி இதுதான். பெயரில் சந்தனம் இருந்தாலும் சந்தன மரத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது. வாசனையும் இல்லை. இதன் சொத்தே நிறம்தான். கட்டையிலிருக்கும் 'சாண்டலின்' என்ற சாயம் துணிக்கும் மருந்துக்கும் பயன்பட்டது. போதாததற்கு, சிவப்பு விதை தரும் ஆனைக்குன்றிமணி மரத்தையும் சிலர் செஞ்சந்தனம் என்று சொல்லிக் குழப்புகிறார்கள்.

செம்மரத்தை அடையாளம் காண்பது சுலபம். பட்டை கறுத்து, முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று இலைகள் (வேங்கையில் ஐந்து முதல் ஏழு). பூ மஞ்சள். வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். ஆனால், வைரம் பாய்வதற்கு 25, 30 வருஷம்கூட ஆகும்.

வேங்கை பரவலாக வளரும். செம்மரம் அப்படியில்லை. உலகத்திலேயே இது இயல்பாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். பழைய சித்தூர், கடப்பா, நெல்லூர் மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய பகுதிகளையும் சொல்லலாம். சூடு, வறட்சி, மண்ணே இல்லாத பாறைச் சரிவு... வேறு மரங்கள் தயங்குகிற இடத்தில்தான் இது நிற்கிறது. திருப்பதி மலையைச் சுற்றியிருக்கும் சேஷாசலம் காடு இதன் தலைநகரம் என்றே சொல்லலாம். அந்தக் காடு 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருப்பதியில் விற்கும் மரப்பாச்சி பொம்மைகள் செம்மரத்தில் செய்யப்பட்டவை. நம் வீட்டுக் கொலுப்படியில் ராஜா ராணியாக நிற்பது அதுதான்.

அணு உலைக்குப் பயன்படுத்துகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விலை என்று ஒரு வதந்தி ரொம்ப நாளாக உண்டு. அது உண்மை இல்லை. விலைக்குக் காரணம் நாற்காலி! சீனாவில் மிங், சிங் அரச வம்சக் காலங்களில் அரண்மனைப் பொருள்கள் செய்த 'ஸிதான்' என்ற கட்டை இதுதான். பணம் சேர்ந்த குடும்பங்களுக்கு அந்தப் பழைய பாணி மேஜை, கட்டில் மேல் இன்றும் மோகம். ஜப்பானில் 'ஷாமிசென்' என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துப் பகுதிக்கு இந்தக் கட்டை உசத்தி. கட்டையில் அலை அலையாக ரேகை ஓடினால் விலை இன்னும் எகிறும்.

தடை போட்டால் அடுத்த மரம்

செம்மரத்தைச் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது 1995-ல். காட்டில் வெட்டிய செம்மரத்தை ஏற்றுமதி செய்வதை இந்தியா தடை செய்திருக்கிறது. பறிமுதல் செய்த கட்டைகளை அரசு ஏலம் விடும். தோட்டத்தில் வளர்த்ததை உரிய அனுமதியோடு அனுப்பலாம். அவ்வளவுதான் வழி.

ஆனால், வாங்குகிறவர் சும்மா இருப்பதில்லை. சீனாவில் 'ஹோங்மு' எனப்படும் செந்நிற உயர்ரகக் கட்டைகளுக்கு 2000-ம் ஆண்டில் அரசே ஒரு தரப்பட்டியல் வெளியிட்டது. அதில் 33 மர இனங்கள். செம்மரம் மட்டுமல்ல, அதன் சொந்தங்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆசியாவில் மரம் குறையக் குறைய, வியாபாரிகளின் பார்வை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது. மேற்கு ஆப்பிரிக்காவின் 'கோஸோ' மரம் கப்பல் கப்பலாகப் போனது. நைஜீரியாவிலிருந்து முறைகேடாகப் போய்ச் சீனத் துறைமுகங்களில் தேங்கி நின்ற 14 லட்சத்துக்கும் அதிகமான மரத்துண்டுகள், பின்தேதியில் கொடுத்த ஆயிரக்கணக்கான பர்மிட்டுகளால் விடுவிக்கப்பட்டன என்று 2017-ல் 'என்விரான்மென்டல் இன்வெஸ்டிகேஷன் ஏஜென்சி' என்ற அமைப்பு அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில்தான் கோஸோ சைட்டிஸ் இரண்டாம் பட்டியலுக்குள் வந்திருந்தது. 2019-ல் சாம்பியா பக்கத்து 'முகுலா'வையும் சேர்த்தார்கள்.

ஒவ்வொரு மரமாகத் தடை போடுவதும், வெட்டுகிறவன் அதன் தம்பி மரத்துக்குத் தாவுவதும் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, ஆப்பிரிக்காவில் இருக்கும் டெரோகார்பஸ் இனங்கள் மொத்தத்தையும் பட்டியலில் போட்டது. அறுத்த கட்டையைப் பார்த்து அண்ணன் எது, தம்பி எது என்று சுங்க அதிகாரியால் பிரிக்க முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

செம்மரத்தின் நிலைமையும் ஏறி இறங்கியே வந்திருக்கிறது. ஐ.யூ.சி.என். 2018-ல் இதை 'அச்சுறுத்தலை நெருங்கும்' நிலைக்கு மாற்றியபோது, பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதி நான்கு வருஷம்கூட நிற்கவில்லை. 2022 தொடக்கத்தில் மறுபடியும் 'அழியும் அபாயத்தில் உள்ள இனம்' என்று அறிவிப்பு வந்தது. மூன்று தலைமுறைக் காலத்தில் 50 முதல் 80 சதவிகிதம் மரங்கள் குறைந்திருக்கலாம் என்பது அந்த மதிப்பீடு.

கோடாரி பிடித்தவர்கள்

இந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி ஜவ்வாதுமலையில் இருக்கிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் மலை இது. (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்தது.) சாமை விளையும், தேன் கிடைக்கும், புளியும் பலாவும் உண்டு. ஒருகாலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர்போன மலை. வனத்துறையின் சந்தனக் கட்டைக் கிடங்கு மலையடிவாரத் திருப்பத்தூரில் இருப்பது அதனால்தான். சந்தனம் குறைந்தது. மானாவாரி விவசாயத்தில் வருஷம் முழுக்க வேலை இல்லை. மரம் வெட்டத் தெரிந்த கைகள் மட்டும் இருந்தன.

அந்தக் கைகளைத் தேடி ஏஜென்ட்டுகள் வந்தார்கள். சிலரிடம் மரம் வெட்டும் வேலை என்றே சொன்னார்கள். சிலரிடம் கட்டட வேலை, பெயின்ட் வேலை என்றார்கள். முன்பணம் கையில் வைத்தார்கள். ஊரில் மாதம் முழுக்க உழைத்தாலும் கிடைக்காத தொகை சில நாள்களில் கிடைக்கும் என்றால், வீட்டில் கடன் இருப்பவர் என்ன செய்வார்? கட்டையைச் சுமந்து காட்டுக்குள் நடப்பது இவர்கள். பெரும் லாபம் போவது சென்னைத் துறைமுகத்தைத் தாண்டி எங்கோ. மாட்டிக்கொள்வது மட்டும் முதல் ஆள்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் ஆந்திர வனத்துறை அதிகாரிகள் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டார்கள். மரத்தைக் காக்கப் போய் உயிரிழந்தவர்கள் அவர்கள். அந்த வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து, 2016-ல்தான் விடுவிக்கப்பட்டார்கள்.

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்திடம் சொன்னார்கள். உடல்களை வாங்கிய குடும்பங்களில் சில, மறு பிரேதப் பரிசோதனை கேட்டுக் கோர்ட்டுக்குப் போயின. ஆறு பேரின் உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் வைக்கப்பட்டு, ஹைதராபாத்திலிருந்து வந்த டாக்டர்கள் மறுபடி பரிசோதித்தார்கள். அந்த நாள்களை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன்மலைக்காரர்கள்.

துப்பாக்கியும் செக்போஸ்ட்டும் இல்லாமல் செம்மரத்தைக் காக்க முடியாது என்பது வனத்துறையின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், பிடிபட்ட ஒரு கூலியாளுக்குப் பதிலாக இன்னொருவரை ஏஜென்ட் அடுத்த வாரமே அழைத்து வருகிறார் என்றால், வேலை மலையடிவாரத்தில் முடியவில்லை. மலை மேலேயும் பாக்கி இருக்கிறது.

தோட்டத்தில் வளர்த்தால்?

காட்டு மரத்தின் மேலிருக்கும் அழுத்தம் குறைய ஒரு வழி, நிலத்தில் வளர்ப்பது. தமிழ்நாட்டில் ஏராளமான விவசாயிகள் செம்மரம் வைத்திருக்கிறார்கள். வேளாண் துறையின் 'நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்' மூலம் தேக்கு, மகோகனி வகையறாவோடு செம்மரம், வேங்கைக் கன்றுகளையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

ஆனால், 'ஏக்கருக்குக் கோடி' என்று யூடியூபில் வரும் வீடியோக்களை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். மரம் முதிர ஒரு தலைமுறை ஆகும். நட்ட விவரத்தை வி.ஏ.ஓ-விடம் சொல்லி அடங்கலில் ஏற்ற வேண்டும். வெட்டவும், லாரியில் ஏற்றவும் வனத்துறை அனுமதி வேண்டும். காகிதம் சரியாக இல்லாவிட்டால், சொந்த நிலத்து மரமே கடத்தல் கட்டையாகிவிடும்.

நல்ல சேதிகளும் உண்டு. தோட்டத்துச் செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. 2004 முதல் இந்தியாவின் செம்மர வர்த்தகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸ், 2023 நவம்பரில் அதை விலக்கிக்கொண்டது. சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம், செம்மரம் வளர்த்த தமிழ்நாட்டு விவசாயிகள் சிலருக்கு 2025-ல் பயன்பகிர்வுத் தொகையையும் கொடுத்தது. மரத்தை வளர்த்ததற்காகச் சட்டப்படி ஒரு பங்கு. தொகை பெரிதோ சிறிதோ, இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஜவ்வாதுமலையில் நிலம் இருந்தும் பட்டா இல்லாதவர்களுக்கு இந்த வாய்ப்புகள் எதுவும் போய்ச் சேராது. அடங்கலில் ஏற்ற முதலில் பட்டா வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்குத்தான் வந்தது. பிள்ளை கல்லூரியில் சேரவும் உதவித்தொகை வாங்கவும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். மலையில் பழங்குடி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப்பட்டு சாமை, தேன், புளியை நேரடியாக விற்கிறார்கள். அதில் கிடைக்கிற வருமானம் ஏஜென்ட் நீட்டும் முன்பணத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

2015-ல் அப்பாவை இழந்தபோது ஐந்து வயதாக இருந்த பிள்ளைகள், இப்போது பதினைந்தைத் தாண்டிவிட்டார்கள். மேலே படிக்க வேண்டிய வயது. ஏஜென்ட் தேடி வரும் வயதும் சீக்கிரம் வந்துவிடும். மலைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க, மனு கொடுத்த ரசீதை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் வேங்கிக்காலிலிருந்து கிளம்புகிறார்கள். போளூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாற வேண்டும்.